ஓர் இரவுத் தொலைவு: கள்ளக்குறிச்சிக்காரர்களின் ஊர் ஏக்கம் குறித்து ஓர் ஆராய்ச்சி

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஊர் ஏக்கம் வருகிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அது ஏன் செவ்வாய்க்கிழமை தணிந்து கிடந்து, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிவாக்கில் முற்றுகிறது என்பதைத்தான் எவரும் முறையாக ஆராயவில்லை. ஊர் தொலைவில் இருப்பதுதான் காரணம் என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். ஆனால் கள்ளக்குறிச்சி செவ்வாய்க்கிழமையும் அதே தொலைவில்தான் இருக்கிறது. வாரம் முழுவதும் மாறாமல் இருக்கும் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தலைதூக்கும் நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது. இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்கி, ஊர் ஏக்கம் என்பது தொலைவின் விளைவே அல்ல, அண்மையின் விளைவு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கருத்துகளை முதலில் தீர்த்துவிட வேண்டும். ஊர் ஏக்கத்தை நோய் என்று அறிவித்து ஆராய்ந்தவர் யோகான்னஸ் ஹோஃபர். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோது ஆய்வேடாகவே எழுதினார். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களிடம் இந்த நோய் அதிகம் என்று அப்போது பேசப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஷொய்க்ஸர் என்ற இயற்கை அறிஞர் இதற்குக் காற்றழுத்தமே காரணம் என்றார். மலையின் லேசான காற்றில் வளர்ந்த உடல் சமவெளிக்கு இறங்கும்போது, அங்குள்ள கனத்த காற்று ரத்த நாளங்களை நசுக்குகிறது, அதுதான் ஏக்கம். நோயாளியை ஒரு குன்றின் மேலோ கோபுரத்தின் மேலோ கொண்டுபோய் வைத்தால் சரியாகும் என்பது அவர் மருந்து. இந்தக் கோட்பாட்டைச் சோதிக்கக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் உலகில் கிடைப்பது அரிது. ஒரே மாவட்டத்தில் மூவாயிரம் அடி உயரத்தில் கல்வராயன் மலையும் இருக்கிறது, அடிவாரத்தில் தட்டையான கரும்புக் காடும் இருக்கிறது. ஷொய்க்ஸர் சொன்னது சரியென்றால் வெள்ளிமலைக்காரர் சென்னையில் தவிக்க வேண்டும், சின்னசேலத்துக்காரர் நிம்மதியாகத் தூங்க வேண்டும். இருவரும் ஒன்றாகவே தவிக்கிறார்கள். மேலும், ஷொய்க்ஸரின் மருந்துப்படி பரங்கிமலையில் குடியிருப்பவர்களுக்கும் அடுக்குமாடியின் உச்சித் தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஊர் நினைப்பே வரக்கூடாது. உச்சித் தளத்துக்காரர்களுக்கு ஏக்கத்தோடு வெயிலும் சேர்ந்து வருகிறது என்பதே நடைமுறை.

அடுத்தது பண்டக் கோட்பாடு. ஊரில் கிடைக்கும் ஏதோ ஒன்று நகரத்தில் கிடைக்காததால்தான் ஏக்கம் என்பது இதன் சாரம். கேட்கும்போது நியாயமாகப் படும். ஆனால் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. மலையில் விளையும் சாமையும் தினையும் இன்று சென்னைக் கடைகளில் அழகான பையில், அழகான விலையில் கிடைக்கின்றன. மரவள்ளிக்கிழங்கு தள்ளுவண்டியிலேயே வருகிறது. கல்வராயன் மலைக் கடுக்காய் நாட்டு மருந்துக் கடை வரை வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்து, நகரத்து வரவேற்பறைகளில் பிள்ளையாராகவும் யானையாகவும் நின்றுகொண்டிருக்கிறது. இவற்றை வாங்கி வீட்டில் வைத்த எவருக்கும் நோய் தீர்ந்ததாகத் தகவல் இல்லை. இன்னும் சிக்கலான சான்று மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலை. அரவைப் பருவத்தில் அந்த வட்டாரத்தில் வீசும் கழிவுப்பாகு நெடியை மணம் என்று சொல்பவர் அங்கே குடியிருப்பவராக இருக்க முடியாது. சென்னைக்கு வந்தபின் அதே நெடி நினைவில் மணமாகிவிடுகிறது. ஊரிலேயே பிடிக்காத ஒன்று இங்கே இல்லாததற்காக ஒருவர் ஏங்குகிறார் என்றால், ஏக்கம் பொருளைப் பார்த்து வருவதில்லை என்பது தெளிவு. பண்டக் கோட்பாட்டைப் பலகாரக் கடைக்காரர்கள் மட்டும் இன்னும் ஆதரித்து வருகிறார்கள். அவர்களுக்கு அதற்குக் காரணம் உண்டு.

இனி நம் கருதுகோள். ஊர் ஏக்கம் தொலைவோடு சேர்ந்து வளர்வதில்லை. அது ஒரு குறிப்பிட்ட தொலைவில் உச்சத்தைத் தொட்டு, இரு பக்கமும் சரிகிறது. அந்தத் தொலைவை ‘ஓர் இரவு’ என்று அழைக்கலாம்: இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் இறங்கிவிடலாம் என்கிற தொலைவு. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருபவரைப் பாருங்கள். அவர் மின்சார ரயிலில் தினமும் வீடு திரும்புகிறார். அவருக்கு ஊரைப் பற்றி ஏக்கம் இல்லை, புகார்தான் உண்டு. மறுமுனையில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர். அவர் எப்போது ஊருக்கு வருவார் என்பதை விடுமுறையும் விமானக் கட்டணமும் ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகின்றன. அவருடைய ஏக்கம் சங்கமாகி, ஆண்டு விழாவாகி, மலராக அச்சேறி ஒழுங்குபட்டுவிடுகிறது. நடுவில் அகப்பட்டவர்தான் கள்ளக்குறிச்சிக்காரர். ஜி.எஸ்.டி. சாலையில் உளுந்தூர்பேட்டை வரை, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பித் தியாகதுருகம் வழியாக. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர். போக முடியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. போகாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டும். துணி துவைக்க வேண்டும், சனிக்கிழமை அரைநாள் வேலை இருக்கிறது, போன மாதம்தான் போனோம், அடுத்த வாரம் எப்படியும் ஒரு கல்யாணம் வருகிறது. இப்படித் தேடிக் கண்டுபிடித்த காரணத்துக்கும் மனத்துக்கும் நடுவே மிஞ்சி நிற்கும் வண்டல்தான் ஊர் ஏக்கம். அது வெள்ளிக்கிழமை மாலை முற்றுவதன் மர்மம் இதுவே: அந்த வாரத்துத் தீர்ப்பு அப்போதுதான் எழுதப்படுகிறது.

இந்தக் கருதுகோளுக்குச் சங்க காலத்திலேயே சான்று இருப்பது நம் நல்லூழ். பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பு மலையைவிட்டு வெளியேறிய கபிலர் கடைசியில் வந்து சேர்ந்த இடம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர். பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்று சொல்வோரும் உண்டு. தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. புறநானூற்றில் பறம்பைப் பிரிந்த பாடல்கள் அடுத்தடுத்து ஒரு கொத்தாகவே இருக்கின்றன. பாரி மகளிர் பாடியதும் அந்தக் கொத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. இலக்கிய நயத்தைப் பிறர் போதிய அளவு பேசிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அளவுகோல். பறம்பு என்று கருதப்படும் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்கும் திருக்கோவிலூருக்கும் நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கள்ளக்குறிச்சிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் அதே 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இது தற்செயல் என்பவர்கள் வேறு விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள். கபிலருக்கு இரவு பஸ் கிடையாதே, பறம்பும் பகைவர் கையில் போய்விட்டதே, அவர் திரும்பிப் போவதெப்படி என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பு. ஆனால் ஆய்வு நெறிப்படி பார்த்தால், கிட்டத்தில் இருந்தும் போவதற்கான முடிவை எடுக்கவே முடியாமல் போனவருக்கு நோய் எவ்வளவு தூரம் முற்றும் என்பதைக் கபிலர் காட்டுகிறார். நம் விதியை அவர் உடைக்கவில்லை, அதன் கடைசி எல்லையைத் தொட்டிருக்கிறார்.

நேர்மாறான சான்று மலையின் மேலேயே இருக்கிறது. கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை ஆகிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தை இங்கே இழுக்க வேண்டாம்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அது பதிவாகியிருக்கிறது. கரிராமன் என்ற தெய்வத்துக்குக் காஞ்சியில் இருப்பு சரிப்படாமல் போய், வேறிடம் தேடிக் கிளம்பிவிட்டாராம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூவர் குடும்பத்தோடு அவர் பின்னாலேயே வந்து வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். இந்தக் கதையில் கவனிக்கத்தக்கது, பெருநகரத்தைவிட்டு முதலில் புறப்பட்டவர் சாமி என்பது. ஆள்கள் ஊரைப் பிரிந்து போகவில்லை. ஊரின் முக்கியப் புள்ளி முன்னால் போக, இவர்கள் பின்னால் போனார்கள். எனவே கதையில் காஞ்சி இருக்கிறது, காஞ்சியைப் பற்றிய புலம்பல் இல்லை. காஞ்சிக்கும் மலைக்கும் இடையே ஓர் இரவுக்கு மேல் நடை என்பதும் நமக்குச் சாதகம். இன்று சென்னைக்குப் போகிறவர் கோமுகி அணையையும் கூட அழைத்துக்கொண்டு போக முடிந்தால் அவரும் குணமாகலாம். நீர்வளத்துறை இதற்கு அனுமதி தராது.

இங்கே மலைத்தரப்பிலிருந்து ஒரு வலுவான மறுப்பு வருகிறது. சென்னையிலிருந்து இரவு பஸ் விடியலில் கொண்டுவந்து விடுவது கள்ளக்குறிச்சியில்தான். மலைக்காரர் அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறும் வண்டிக்குக் காத்திருந்து, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்தும் தம் ஊருக்கு நடந்தோ தொற்றிக்கொண்டோ போக வேண்டும். அவருடைய தொலைவு ஓர் இரவும் ஒரு பகலும். விதிப்படி அவருக்கு ஏக்கம் குறைய வேண்டுமல்லவா? விடை, யாருக்கு எது பெருநகரம் என்பதில் இருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்து, பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் பள்ளியும் அதற்குப் பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஏறின. மலைக் குழந்தைக்கு முதல் பெருநகரம் சென்னை அல்ல. படிப்புக்காகக் கீழே விடுதியில் சேர்க்கப்படும்போது கள்ளக்குறிச்சியே அதற்குப் பெருநகரம். மலையோ விடுதி வாசலிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற அண்மையில் நிற்கிறது. ஏக்கம் முழுவதும் அங்கேயே செலவாகிவிடுகிறது. சென்னைக்கு வரும்போது அவர் அனுபவசாலி. வெள்ளிமலைக்காரரும் சின்னசேலத்துக்காரரும் ஒன்றாகவே தவிக்கிறார்கள் என்று மேலே சொன்னது இந்த இடத்தில் சற்று இடிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். மலைக்காரர் தவிப்பது பழக்கத்தால் என்று வைத்துக்கொள்வோம்.

ஊர் இனிமையானது என்பதால்தானே ஏக்கம் என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூன் மாதத்தை நினைவூட்டலாம். கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கே இருக்கிறது என்று சென்னையில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்த ஊரின் பெயரை ஒரே வாரத்தில் நாடே தெரிந்துகொண்டது. அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்த வாரம் கோயம்பேட்டிலும் அம்பத்தூரிலும் வேலையில் இருந்த கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஊர் இனித்திருக்காது. ஆனால் போக வேண்டும் என்று தோன்றாமலும் இருந்திருக்காது. ஊருக்கு நற்சான்று கொடுத்த பிறகு வருவதல்ல ஏக்கம். அதற்கு மேல் இந்தச் சான்றை வைத்து விளையாடுவது இக்கட்டுரைக்கு அழகல்ல.

ஊர் என்பதே மாறாத ஒன்று அல்லவே என்கிற நிர்வாகத் தரப்பு மறுப்பை விரைவாகக் கடக்கலாம். 1993க்கு முன் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமலே தென்னார்க்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டங்களில் வசித்திருக்கிறார். மூன்றாவது மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26இல். இதில் எந்த மாவட்டத்துக்காகவும் யாரும் ஏங்கியதில்லை.

கடைசியாக, சிகிச்சை. ஹோஃபர் அபினை முயன்று பார்க்கலாம் என்றார். உறுதியான மருந்து ஊருக்கு அனுப்புவதுதான் என்றும் சொன்னார். அவர் ஆய்வேட்டில் வரும் நோயாளிகளில் ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். சாகக் கிடந்தவரை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பாசலைத் தாண்டிச் சில மைல் போவதற்குள்ளேயே அவருக்கு நோய் இறங்கத் தொடங்கிவிட்டது. பெர்ன் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது, மனிதர் தேறிவிட்டார்! இதைவிட நம் கருதுகோளுக்கு என்ன சான்று வேண்டும்? அவரைக் குணப்படுத்தியது ஊர் அல்ல, புறப்படுவது என்கிற முடிவு. 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை இந்த நோக்கில் ஒரு மருத்துவமனையாகவே கருத வேண்டும். நகரத்துக்கு வெகு தெற்கே போய்விட்டது என்று வடசென்னைக்காரர்கள் குறைப்படுவது உண்மைதான். அங்கே போய்ச் சேர்வதற்கே பாதி ஏக்கம் செலவாகிறது. ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரவில், சிறப்புப் பேருந்துகள் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும்போது, அந்த வண்டிகளுக்குள் ஏக்கம் என்ற ஒன்றே இருக்காது. எரிச்சல் ஏராளமாக இருக்கும். அந்த வாரம் போவதா வேண்டாமா என்கிற முடிவை நாட்காட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டது.

அச்சிறுப்பாக்கம் தாண்டும்போது பயணிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், தூங்குகிறவருக்கு எந்த நோயும் தெரியாது, இது சான்றாகாது என்று ஒரு கூர்மையான வாசகர் சொல்லக்கூடும். அவர் இருக்கை கிடைக்காத பயணியைக் கவனிக்கட்டும். கம்பியைப் பிடித்தபடி விழுப்புரம் வரை விழித்துக்கொண்டே நிற்கிறவரிடம் என்ன குறை என்று கேட்டால், இடம் இல்லை என்பார், கால் வலிக்கிறது என்பார், நடத்துநர் சொன்னபடி விக்கிரவாண்டியில் சீட்டு காலியாகவில்லை என்பார். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.