இணைய நகைப்பியல்: கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை முன்வைத்து ஒரு பாடத்திட்ட ஆய்வு

இணைய நகைப்பியல் என்பது, கைத்தொலைபேசியைப் பார்த்துத் தனியே சிரிப்பவரை எதிரே இருப்பவர் ஏன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார் என்பதை ஆராயும் துறை. கல்லூரியில் இதை மூன்று மணி நேர விரிவுரையாக நடத்தலாம். முதல் மணி நேரத்திலேயே நகை இறந்துவிடும் என்பதால், மீதி இரண்டு மணி நேரமும் பிணக்கூறாய்வுக்கு உரியது.

துறைக்கு மூலநூல் தேடி வெளியூர் போக வேண்டாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்வது மடன் என்பார்கள் உரைகாரர்கள். குடும்பக் குழுவில் விடிகாலையில் வந்து விழும் மருத்துவக் குறிப்புகளை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் உரையில் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டார்கள். ‘மீம்’ என்னும் சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் உண்டாக்கினார். இதைக் குறிப்பிடாத ஆய்வேடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கரையேறாது என்பதால் இங்கேயும் குறிப்பிடப்படுகிறது.

நான்கு நிலைக்களன்களையும் ஒரே இடத்தில் காட்ட நேசமணி போதும். 2019 மே மாத இறுதியில், அயல்நாட்டு முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்றும் துக்கத்தோடு தெரிவித்தார். நேசமணி, 2001இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். விவரம் அறியாத ஒருவர் உடல்நலம் விசாரிக்க, மற்றவர்கள் பிரார்த்தனையைத் தொடங்கினார்கள். இந்தியாவில் புதிய அரசு பதவியேற்ற வேளையில் சமூக ஊடகங்களில் உலக அளவில் முன்னணிக்கு வந்த பெயர்களில் நேசமணியும் ஒன்று. இதில் பதில் எழுதியவருடையது எள்ளல். பள்ளிக்கூட வயதில் பார்த்த படத்தை விடாதவர்களுடையது இளமை. நலம் விசாரித்தவருடையது பேதைமை. உண்மையிலேயே யாருக்கோ அடிபட்டது என்று நம்பி இறைவனை வேண்டியவர்களுடையது மடன். தொல்காப்பியர் விட்டுவைத்தது எதுவும் இல்லை. ஆனால் இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தப் படத்துக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு நேசமணியை விளக்க நாற்பது நிமிடம் ஆகும், சிரிப்பு வராது.

கலைச்சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மலேசியத் தமிழாசிரியர் வாட்சப்பைப் புலனம் என்பார். வகுப்பில் ‘புலனத்தில் அனுப்பு’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவர், வாசலைத் தாண்டியதும் ‘வாட்சப்ல போடு லா’ என்கிறார். இருவரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள். நகை ‘லா’வில் இருக்கிறது. எழுத்தைப் பொறுத்தவரை, கணினியில் தமிழ் எழுத 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். இருந்தும் ரோமன் எழுத்தில் தட்டும் பழக்கம் போகவில்லை. கே, ஏ, எல் என்ற மூன்று எழுத்தைக் கல் என்றும் படிக்கலாம், கால் என்றும் கள் என்றும் படிக்கலாம். ‘ஐயா, கால் வலி, இன்று வர முடியாது’ என்று மாணவர் அனுப்பும் செய்தி ஆசிரியர் கையில் என்னவாக விடியும் என்பது பாடத்தின் இரண்டாம் பகுதி.

மூன்றாம் பகுதி களப்பணி. களம் பினாங்கு, ஜார்ஜ்டவுனில் முன்பு பிட் ஸ்திரீட் எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833இன் மகா மாரியம்மன் கோயில், 1801இல் காதர் மொஹிதீன் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்து பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஆய்வாளருக்கு வேண்டியது பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் சோற்றுக்கடை. வரிசையில் நிற்பதற்கு மலாயில் பெராத்தூர். நின்றவர்கள் நின்ற வினையையே கடைக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

வரிசை நகர்ந்து கறிச்சட்டிகளுக்கு முன் வந்ததும், கரண்டிக்காரர் தட்டைச் சாய்த்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். ‘பாஞ்சிர், அண்ணே.’ பாஞ்சிர் என்றால் வெள்ளம். கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, இறால் குழம்பு ஒரு கரண்டி, பிறகு எதிலிருந்து என்று தெரியாத ஒன்று. சோறு மறைந்து வெண்டைக்காய் மட்டும் தலைதூக்கி நிற்கிறது. வரிசையில் ஒருவரும் பதறுவதில்லை. இதே சொல்லை நவம்பர் மழையில் புலனக் குழுவில் ஒருவர் போட்டால், காரை மேட்டில் ஏற்றப் பாதிக் குடும்பம் ஓடும்; 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. சொல் மாறவில்லை. கரண்டி கண்ணில் பட்டால் வேடிக்கை, படாவிட்டால் பேரிடர்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மின்தூக்கியில் பாதரசம் சிந்தியதாக வேடிக்கைக்கு எழுதியதைச் சிலர் நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கைக்கு அடையாளம் வைப்போம் என்று 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். கரண்டிக்கு அது மாற்று ஆகாது என்பது இவ்வாய்வின் துணிபு.

பானங்களையும் விடக் கூடாது. சோயாப் பாலில் கறுப்பு சின்சாவ் ஜெல்லி மிதந்தால் அது மைக்கேல் ஜாக்சன். கேட்பவரும் கொடுப்பவரும் சிரிப்பதில்லை. சொல்லிச் சொல்லிக் காய்ந்த நகை என இதை வகைப்படுத்தலாம். சாலையின் பெயரிலுள்ள ‘கெலிங்’ இதற்கு எதிர்வகை. பெயர்ப்பலகையில் அது முகவரி. கைத்தொலைபேசியில் வந்தால் இந்தியரைக் குறிக்கும் வசவு, அடிதடிவரை போகும்.

சட்டத்துக்கு ஒரு வகுப்பு போதும். மலேசியக் கலைஞர் ஃபாமி ரேசா அப்போதைய பிரதமரைக் கோமாளி முகத்தோடு வரைந்து இணையத்தில் போட்டார். 2018இல் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், 233ஆம் பிரிவு. அந்த வகுப்பில் மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

மதிப்பிடுவதுதான் கடினம். கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தை 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாக்கியது; அதை அனுப்புகிறவர் முகத்தில் ஒரு தசையும் அசைவதில்லை. இரண்டு ‘ஹா’ மரியாதை, மூன்று நட்பு, ஐந்துக்கு மேல் போனால் கைமாத்துக் கேட்கப்போகிறார். பரவலையும் அளவாகக் கொள்ள வழியில்லை: வாட்சப் 2019 முதல் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி செய்துவிட்டது. நாசி கண்டார் மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான்.

தேர்வு மூன்று மணி நேரம். கைத்தொலைபேசிகளை மண்டபத்துக்கு வெளியே விட்டுவிட்டு, இணைய நகைப்பியல் தாளைப் பேனாவால் எழுத வேண்டும். களப்பணிக் கேள்விக்குச் சான்றாகத் தாளில் குழம்புக் கறை இருந்தால் ஐந்து மதிப்பெண். எந்தச் சட்டிக் குழம்பு என்றும் எழுதியிருந்தால் பத்து.