கேம் மாஸ்டர்

வியாழக்கிழமைகளில் பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிறவர்கள் வேலை, விசா, வரன் என்று வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஈஜிபுரா மேம்பாலம் இன்னும் கொஞ்ச நாள் முடியாமலே கிடக்கட்டும் என்று ஏற்றுகிறவன் ஒருத்தன்தான். அவன் கேம் மாஸ்டர்.

2017-ல் தொடங்கி வருடக்கணக்கில் மேல்தளமின்றி நின்ற அந்தத் தூண்களில்தான் தன் ஆட்டத்தின் யட்சிகளைக் குடிவைத்திருக்கிறான். பாலத்தில் வண்டி ஓடினால் கதையில் பாதியைக் கிழித்துப் போட வேண்டும்.

ஆட்டம் வேறொன்றுமில்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். (சகுனிக்கு இத்தனை முகம் வாய்க்கவில்லை.) கடையில் விற்கிற கதையை ஆடுவது நம்மவனுக்குக் கௌரவக் குறைச்சல். "டிராகன் எதுக்கு மச்சா? நம்ம பெங்களூரு போதாதா?" என்பான்.

போதும்தான். பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-ல் தீப்பிடித்தே எரிந்தது. எந்த மந்திரவாதியும் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் ராத்திரி கதவு தட்டும் பேய்க்குப் பயந்து வாசலில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதிவைத்தார்கள். பேயும் படித்துப் பார்த்து, நாளைக்கு வரலாமென்று மரியாதையாகத் திரும்பிவிடுமாம். கோட்டை வாசல் இடிந்து விழாமல் நிற்பதற்காக உயிரைக் கொடுத்தாள் என்று சொல்லப்படும், ஊரை உருவாக்கிய கெம்பேகவுடாவின் மருமகளுக்குப் பக்கத்துக் கோரமங்களாவில் நினைவிடமே உண்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா இருக்க முடியுமா?

அவன் இருக்கவில்லை. வார்டு வாரியாக வரைபடம், ராஜகால்வாய்க்கு அடியில் ஒரு நாகலோகம், ஆவிகளுக்கு ஆதார் அட்டை எல்லாம் தயார். சில்க் போர்டு சிக்னலைக் கடக்கத் தனி விதிமுறை. பகடையில் 20 விழுந்தால் ஆட்டோக்காரர் மீட்டர் போடுவார் என்று எழுதியிருந்தான். கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டும் என்று நண்பர்கள் அதை அடித்துவிட்டார்கள்.

ஆடுவதுதான் பாக்கி. ஒருவனுக்கு ஆன்-கால் டியூட்டி. இன்னொருவன் வாரக்கடைசியில் தங்கவயலுக்குப் போய்விடுவான். புதிதாகக் கல்யாணமானவனைக் கூப்பிடவே தயக்கம். ஐந்து பேருக்கும் ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பிடிப்பது முகூர்த்தம் குறிப்பதைவிடப் பெரிய பாடு. தப்பித்தவறிக் கூடினாலும் இவன் முன்கதை வாசிக்க ஆரம்பிப்பான். கெம்பேகவுடா கோட்டைக்கு அஸ்திவாரம் போடும்போது பிரியாணி வந்துவிடும். "யட்சிய அப்புறமா ஓட்டுடா, தட்டு வைக்கணும்" என்று அம்மா மேப்பைச் சுருட்டுவார்.

அதற்காக அவன் வருந்துவதாகத் தெரியவில்லை. ஆட ஆரம்பித்தால் அந்த நான்கு தடியன்களும் முதல் அரை மணியிலேயே நாகலோகத்தைக் கொளுத்திவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். திட்டத்தில் இருக்கிறவரை ஊர் அவனுடையது.

விவேக் நகர்ப் பக்கம் போனால் அவனிடம் கதை என்னவென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மத்தியானம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறீர்களா என்று அவன் கேட்டால், தாராளமாகச் சரியென்று சொல்லுங்கள். எப்படியும் நடக்கப் போவதில்லை.