ஐந்நூறைத் தாண்டாத மனிதர்

இரவு பத்தரைக்கு எங்கள் தெருவில் ஒரு ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்தும். காலை ஐந்தரைக்கு, கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் நேரத்தில், ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி உறும ஆரம்பிக்கும். இடையில் ஏழு மணி நேரம் அது கதவு வைத்த வெறும் பீரோ. சுவிட்சில் கை வைப்பவர் மீட்டர் மாமா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் குருபரப்பள்ளி என்றில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் எந்த ஊரிலும் தெருவுக்கு ஒரு மீட்டர் மாமா உண்டு. பவர் சப்ளை சாதனங்கள் செய்யும் டெல்டா தொழிற்சாலையே எங்கள் ஊர் சிப்காட்டில் இருக்கிறது. ஆனாலும் தன் வீட்டு பவர் சப்ளையை அவர் வேறு யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

காலையில் தினசரி காலண்டரைக் கிழித்ததும் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பார்கள். மாமா கிழித்த தாளோடு மீட்டர் பெட்டிக்குப் போவார். அறுபது நாளைக்கு ஐந்நூறு என்றால் ஒரு நாளைக்கு எட்டே சொச்சம் யூனிட். அதுதான் குடும்பத்தின் படி. "நேத்து ஒம்பது புள்ளி ஒண்ணு" என்று அவர் வாசலில் நின்று சொல்லும்போது, புதிதாகக் கேட்பவர்கள் சர்க்கரை அளவு என்று நினைத்து ஆறுதல் சொல்வார்கள்.

மாமாவைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர் பயத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958. முதல் நூறு யூனிட் இலவசம் இருவருக்கும் உண்டு. ஆனால் ஐந்நூறைத் தாண்டியவருக்கு அடுத்த நூறின் விலை 2.25-லிருந்து 4.50 ஆகிவிட்டது. கடைசியில் வந்த அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் எல்லாம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ரீடிங் எடுப்பவர் வரவேண்டிய நாளில் வராவிட்டால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வராத மாதிரி மாமா தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடப்பார்.

பயம் சரி. பிடித்த ஆள்தான் தப்பு.

விட்டால் இருபத்து நாலு மணி நேரமும் உறுமக்கூடியது வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான். உறுமுகிறவன்தான் தின்கிறான் என்பது மாமாவின் தீர்ப்பு. அதை வாங்கிய கதையே தனி. கடையில் ஐந்து ஸ்டார் ஃபிரிட்ஜைக் காட்டியபோது, "ஓட்டல்ல அஞ்சு ஸ்டார்னா பில்லு எவ்வளவு வரும்னு தெரியாதா எனக்கு?" என்று இரண்டு ஸ்டாரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கதவில் ஒட்டிய அந்த ஸ்டிக்கரை ஒருநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். வருடத்துக்கு 200 யூனிட் என்று போட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முப்பத்து மூன்று, ஒரு நாளைக்கு அரை யூனிட் சொச்சம். ராத்திரி ஏழு மணி நேரத்தில் மிஞ்சுவது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. அதிலும், இரவு உள்ளே புகுந்த சூட்டையெல்லாம் வெளியேற்ற கம்ப்ரஸர் காலையில் மூச்சு வாங்க ஓடும். கழித்துப் பார்த்தால் முழுசாக ஒரு ரூபாய் தேறாது.

"ஒரு ரூபாய்னா ஒரு ரூபாய்தானே தம்பி?" என்றார்.

அரை லிட்டர் பால் ஒருநாள் திரிந்தால் இருபது ராத்திரிச் சேமிப்பு காலி. சித்திரை வெயிலில் இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, கீழ்த்தட்டில் இருந்த செந்தூரா மாம்பழங்களுக்கு அபிஷேகம் செய்தது. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. "ஏங்க, மாவு உங்களை எழுப்ப நடந்து வருது, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அத்திப்பள்ளியில் இருக்கும் மச்சினன் ஃபோன் செய்யும் நாள்தான் மாமாவுக்கு அமாவாசை. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், 2023-லிருந்து கிருஹ ஜோதி திட்டம், மாதம் 200 யூனிட் வரை இலவசம். "மாமா, இந்த மாசமும் பில்லு சைபர்!" ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. முந்தைய சராசரியைவிடச் சற்றே கூடுதல் வரைதான் இலவசம். அதனால் மச்சினனும் தினம் மீட்டரைப் பார்க்கிறான். இதைக் கேட்ட பிறகுதான் மாமாவுக்கு மச்சினன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இதற்கிடையில் மாமா டார்ச் அடித்து மீட்டரைப் படிக்கும் நேரத்தில், அவர் தலைக்கு மேலே டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஃபிரிட்ஜின் ஏறக்குறைய இரண்டு நாள் சாப்பாடு. இன்னொருவர் இருக்கிறார், பாத்ரூம் சுவரில், சத்தமே இல்லாமல். இரண்டு கிலோவாட் கீசர். நம் பக்கத்துக் குளிருக்கு வீடே குளித்து முடிக்க ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், அதாவது ஃபிரிட்ஜின் கிட்டத்தட்ட நாலு நாள் சாப்பாடு. சத்தம் போடாததால் அவர் மேல் வழக்கு இல்லை.

போன ரீடிங் 506. மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மார்கழி முழுக்க ஃபிரிட்ஜுக்கு இரவு ஒன்பதுக்கே ஊரடங்கு. தையில் ரீடிங் எடுத்தார்கள்: 438!

தெருவுக்கே கேட்டது. "பாத்தியா தம்பி! ஸ்டிக்கரைப் படிச்சியே, இதைப் படி!"

உள்ளேயிருந்து அத்தை வந்தார். "போர் தண்ணி உப்பு படிஞ்சு கீசர் காயில் போய் முப்பத்தஞ்சு நாளாச்சு தம்பி. வெந்நீர் விறகடுப்புலதான்."

மாமா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு முடித்து நிமிர்ந்தார்.

"ஃபிரிட்ஜை நிறுத்தி மிச்சம் பிடிச்ச காசு இருக்கில்ல, நாளைக்கே அந்தக் கீசரைச் சரி பண்ணிடலாம்."