பெஞ்சை அறுத்த பாலினப் பேராசிரியர்கள்

பாலின உளவியலின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்க மூச்சு முட்டுகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பெஞ்சே அந்த வேலையை முடித்துவிட்டது.

2022 ஜூலை. ஸ்ரீகாரியம் பக்கம் சி.இ.டி. என்றால் எல்லோருக்கும் தெரியும்; 1939இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி. அதன் அருகே ஒரு பேருந்து நிழற்குடை, அதில் நீளமாய் ஒரு பெஞ்சு. மாணவனும் மாணவியும் அக்கம்பக்கமாய் உட்கார்ந்து பேசினார்கள். அது பொறுக்குமா? குடியிருப்புப் பெருமக்கள் கூடி யோசித்தார்கள். ஒரு நாள் பிள்ளைகள் வந்து பார்த்தால், பெஞ்சு மூன்று துண்டு. ஆளுக்கொரு இருக்கை, நடுவில் இடைவெளி. பண்பாடு காப்பாற்றப்பட்டது.

பிள்ளைகள் பொறியியல் படிக்கிறவர்கள். கணக்கு தெரியும். பக்கத்தில் உட்காரக் கூடாது, அவ்வளவுதானே? ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படமெடுத்துப் போட்டார்கள். ஓரடி தள்ளி வைக்கப் போனவர்கள், இருந்த அரையடியையும் இல்லாமல் ஆக்கினார்கள்.

பால் என்பது உடல். பாலினம் என்பது அந்த உடலுக்கு ஊர் எழுதிக் கொடுக்கும் நடத்தை விதி: எப்படி உட்கார வேண்டும், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், யார் முன்னால் சிரிக்கக் கூடாது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றுக்கு மஞ்சள் உடுப்பைப் போட்டு, சிலரிடம் பையன் என்றும், சிலரிடம் பெண் என்றும் சொல்லி, சிலரிடம் எதுவுமே சொல்லாமல் விளையாடக் கொடுத்தார்கள். பெண் என்று கேள்விப்பட்டவர்களின் கை பொம்மையைத் தேடியது. ஒன்றும் சொல்லப்படாதவர்களோ, ‘பிடி வலுவாக இருக்கிறது, பையன்தான்’, ‘மெத்தென்று இருக்கிறது, பெண்தான்’ என்று தாங்களே ஜாதகம் எழுதினார்கள். குழந்தை என்னவோ அதே குழந்தைதான்.

2005இல் ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர், ஆண் பெண் வேறுபாடு பற்றிய 46 தொகுப்பாய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கணக்குத் திறன், பேச்சுத் திறன், தன்மதிப்பு எனத் தேடித் தேடி அளந்ததில், 78 சதவீத வேறுபாடுகள் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை. இதையெல்லாம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போய்ச் சொன்னால் டீயும் பருப்புவடையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘ஆணும் பெண்ணும் இயற்கையிலேயே வேறு, சார்.’ சரி, இயற்கை அவ்வளவு உறுதியாகப் பிரித்து வைத்திருந்தால் பெஞ்சை எதற்காக ஐயா அறுத்தீர்கள்? காக்கைக்குக் கறுப்புச் சாயம் பூச யாரும் சங்கம் வைப்பதில்லையே!

இன்னொன்று. மூன்று இருக்கைகள் என்றதும் நான் ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். 2014இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் திருநர்களின் அடையாளத்தை அங்கீகரித்தது. மறு ஆண்டே, நாட்டில் முதல் மாநிலமாகக் கேரளம் திருநர் கொள்கையை வெளியிட்டது. ஆண், பெண், திருநர் என்று ஆளுக்கொன்றாய் அந்தக் கொள்கையைத்தான் அமல்படுத்துகிறார்களோ என்று பார்த்தால், அப்படியொரு பாவம் அவர்கள் மனதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

21 வயதில் மேயரான ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்தார். முற்போக்குச் சமூகத்துக்கு இது அழகல்ல என்றார், புதிய நிழற்குடைக்கு உறுதி கொடுத்தார். செப்டம்பரில் பழையதை மாநகராட்சி இடித்தது. புதியதற்கு ‘ஜெண்டர் நியூட்ரல்’ நிழற்குடை என்று விருதுப்பெயர். யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதை 1991இலேயே முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்துக்கொண்ட மாநிலத்தில் அரசாங்கம் கட்டித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், நெரிசல் பேருந்தில் பள்ளிக்கூடப் பெண்ணின் மேல் சாய்கிற நடுவயது ஆளுக்காக இந்தக் காவலர்கள் எதையாவது அறுத்தது உண்டா? இல்லை. அவளாக விரும்பி ஒருவனோடு பேசினால்தான் ஊரின் மானம் பதறுகிறது. அவள் வதைபடுவதில் இவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, மகிழ்ச்சியாக இருப்பதில்தான்.

அதே நகரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். 2016 நவம்பரில் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாக அதிகாரி, பெண்கள் சுடிதாரோடு வரலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஆசாரத்தில் தலைமை அர்ச்சகரான தந்திரி சொல்வதே முடிவு என்றது. ஆகவே சுடிதார் போட்ட பெண் அதன் மேலேயே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் போதும், பக்தையாகிவிடுகிறாள். கால் முழுக்க மூடிய துணிக்கு மேல் இன்னொரு துணி! இதே திருவிதாங்கூர்தான், நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காக அவர்களை அடித்துத் துணியைக் கிழித்தது. தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதென்று நிபந்தனை. அன்று மூடினால் குற்றம், இன்று ஒரு சுற்று குறைவாக மூடினால் குற்றம். பெண்ணின் உடல் அன்றும் இன்றும் ஒன்றுதான், அதன் மேல் கை வைக்க உரிமை கோருகிறவர்களின் காரணம்தான் மாறிக்கொண்டேயிருக்கிறது.

எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மலையாளிகளைப் பார்த்துச் சிரிக்கும் தமிழர்களே, கொஞ்சம் பொறுங்கள். நம் தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் மாடிப்படிகூட ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. கேன்டீனில் தனி வரிசை, கல்லூரிப் பேருந்தில் தனிப் பக்கம். வகுப்புத் தோழனிடம் நோட்டு கேட்டவளின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவுக்குப் போன் போடுகிறார்கள். ‘நல்ல டிசிப்ளின்’ என்று அந்த அப்பா அக்கம்பக்கத்தில் பெருமை பேசுகிறார். நாலு வருடம் ஓர் ஆணிடம் வாய் திறக்காமல் பட்டம் வாங்கி வந்த அந்தப் பெண்ணை, அடுத்த தை மாதம் பட்டுப்புடவை கட்டி, முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் காபித் தட்டோடு நிறுத்திவிட்டு, அதே அப்பா தாராள மனதோடு சொல்கிறார்: “மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் மனசுவிட்டுப் பேசிட்டு வாம்மா, அப்புறம் சொல்லு.”