புதுக் கங்காணி வாழ்க!

பழைய கங்காணிகளைப் பற்றி நம் தோட்டங்களில் நல்ல வார்த்தை ஒன்று கேட்பது அரிது. ஊரில் போய் ஆள் பிடித்தார்கள், தலைக்காசு வாங்கினார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கணக்கில் விளையாடினார்கள் என்று பாட்டிமார் சொல்லி முடிக்கமாட்டார்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்ததோடு அந்த ஆள்பிடிப்பு ஓய்ந்தது. இன்று கேமரன் மலையில் கம்பத்தின் மேல் ஏறி நிற்கும் புதுக் கங்காணியிடம் அப்படியெல்லாம் குறை காண முடியாது. சம்பளம் கேட்பதில்லை, கள்ளுக் குடிப்பதில்லை, கண் அயர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய பெருந்தன்மை. பழையவர் கண்டதைத் துரையிடம் மட்டும் போய்ச் சொன்னார். இவர் ஊர் உலகத்துக்கே சொல்கிறார்.

எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை எங்கோ ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைக்குப் பதில் தக்காளி, ஸ்ட்ராபெரி என்றாலும் கதை மாறாது. கீழே ஈப்போவிலிருந்து ஒருவர் வேனில் வருவார். ஆபீஸ் வாசலில் ஒரு கேமரா, உரக் கிடங்கில் ஒன்று, இலை நிறுக்கும் கொட்டகையில் ஒன்று, லயத்துக்குப் போகும் பாதையில் ஒன்று. துரை கோலாலம்பூரில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்க வேண்டுமே, அதற்காக இணையப் பெட்டியில் வெளியுலகத்துக்கு ஒரு வாசலையும் திறந்து வைப்பார். பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல் 12345. "மாத்திடலாமா?" என்று கிராணி கேட்டால், "மாத்துனா மறந்துடுவீங்க, அப்புறம் நான்தான் மறுபடி மலையேறி வரணும்" என்பார். என்ன ஒரு முன்யோசனை! ஐந்து வரை எண்ணத் தெரியாதவர்கள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, அதையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

இந்த எளிமையைக் குக்கிராமத்துக் குணம் என்று யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவைக் காக்கும் இடத்திலேயே இதே பண்பாடுதான் விளங்கியது. கேமராக்களை நிர்வகிக்கும் கணினிக்கு அங்கே கடவுச்சொல் 'லூவர்' என்பதாக இருந்ததை 2014-இல் பிரெஞ்சு அரசின் இணையப் பாதுகாப்பு முகமை கண்டெழுதியது. 2025 அக்டோபரில் அங்கே அரச நகைகள் களவுபோன பிறகுதான் அந்த அறிக்கை பத்திரிகைக்கு வந்தது. களவாணிகள் ஏணி வைத்துச் சன்னல் வழியாக ஏறினார்கள். பாவம், கேமராவின் வாசல் எவ்வளவு விசாலம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஹிக்விஷன் நிறுவனமும் 2015 வரை தன் கேமராக்களை 12345-உடன்தான் உலகெங்கும் அனுப்பியது. பிறகு, முதல் முறை திறக்கும்போதே புதுச் சொல் வைத்தாக வேண்டும் என்று கட்டாயம் வந்துவிட்டது. கொடைக்குணம் அத்தோடு அற்றுப்போனதா என்றால், இல்லை. அந்தக் கேமராக்கள் பலவற்றில், இணைய முகவரியின் வாலில் சில எழுத்துகளை ஒட்டினால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும் ஓட்டை ஒன்று 2017-இல் வெளிப்பட்டது. ஆபத்துக்கு மதிப்பெண் போடும் அமெரிக்க அதிகாரிகள் அதற்கு 10-க்கு 10 போட்டார்கள். ஓட்டையை அடைக்கும் புது மென்பொருளை நிறுவனம் கொடுத்தது உண்மை. அதை ஏற்ற யாராவது ஏணி தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போக வேண்டும். போகவில்லை. மழை.

ஓய்வு நேரத்தில் நம் கங்காணி பொதுத்தொண்டும் செய்வார். 2016-இல் அமெரிக்க இளைஞர்கள் மூவர் 'மிராய்' என்றொரு நிரலை எழுதினார்கள். பெரிய வித்தை ஒன்றும் அதில் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கிடக்கும் 60-க்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டு வீடுவீடாகத் தட்டியது, அவ்வளவுதான். கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் லட்சக்கணக்கில் கதவைத் திறந்து, சொன்ன வேலையைச் செய்யக் கைகட்டி நின்றன. அந்த அக்டோபர் 21 அன்று, இணையதளங்களுக்கு வழிகாட்டும் டின் என்ற நிறுவனத்தை அவை கூட்டமாகப் போய் முட்டியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. தங்கள் கேமரா அமெரிக்கா வரை போய்ப் போராடிவிட்டு வந்தது அதன் முதலாளிகள் பலருக்குக் கடைசி வரை தெரியாது. தன்னடக்கம் என்றால் இதுவல்லவா!

காவல் காப்பதில் எப்படி என்கிறீர்களா? மத்தியானம் தாண்டினால் மூடுபனி. இரவில் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கை ஏற்றும். அந்த ஒளி பனியில் பட்டுத் தெறித்துத் திரை முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெளுக்கும். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இந்த மலையில்தான் உலாவப் போய்த் திரும்பவே இல்லை. அன்றைக்கு நம் கேமரா இருந்திருந்தால், அவர் எங்கே போனார் என்ற மர்மத்தோடு நான்கு மணி நேரப் பனியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பகலில் மட்டும், லயத்துப் பாதையில் போகிற வருகிற பெண்கள் துல்லியமாக விழுவார்கள். 2014-இல் ஒரு இணையதளம், கடவுச்சொல் மாற்றாத 73,000 கேமராக்களை நாடுவாரியாக அடுக்கிக் காட்டியது, பாதுகாப்பின் அருமையை மக்களுக்கு உணர்த்தத்தான் என்ற விளக்கத்தோடு. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை இன்னும் தாராளம். பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அங்கிருந்து கசிந்து டெலிகிராமில் காசுக்கு விலைபோனது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. அங்கேயும் பாதுகாப்புக்காகத்தான் கேமரா வைத்திருந்தார்கள்.

நம் கொட்டகைக்கு வருவோம். நிறுக்கும் இடத்துக் கேமரா தராசைப் பார்ப்பதில்லை, கூடையோடு நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறது. இலைக்குக் கிலோக் கணக்கில் கூலி. சிட்டையில் கிலோ குறைகிறது என்று ஒரு அக்கா சந்தேகப்பட்டு, "கிராணி ஐயா, நேத்து நிறுத்ததக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்" என்கிறார் என்று வையுங்கள். "பாஸ்வேர்ட் தொரைகிட்டதாம்மா இருக்கு." துரைக்கும் தெரியாது. கைப்பேசி ஞாபகம் வைத்துக்கொண்டு திறந்துவிடுகிறது, அவ்வளவே. உள்ளே வரத் தெரியாதவர்கள் இந்தப் பூமியில் தோட்டத்து ஆட்கள் மட்டும்தான். தமிழரானாலும் நேபாளியானாலும் வங்காளதேசியானாலும் இந்த ஒரு விஷயத்தில் பாகுபாடு கிடையாது.

அவர்களுக்கு வழியே இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஸ்டிக்கரைப் பார்த்துத் தானே திறந்தால் 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே முறைப்படி போக வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய தரவைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். பெட்டியில் இருக்கும் டிஸ்க் 15 நாளில் நிரம்பிப் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும். அவசரம் என்றால் அந்த அக்கா, வெளிநாட்டு ரசிகர் யாராவது பதிவுசெய்து வைத்திருக்கிறாரா என்று விசாரித்துப் பார்க்கலாம்.