சந்தேகத்தின் பலன் ஆன்சர் கீக்கே

அக்கா மகன் ஆறாம் வகுப்பு. மாதத் தேர்வுத் தாளை நீட்டினான். 10 − 4 + 3 என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பையன் 9 என்று எழுதியிருக்கிறான். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் திருத்தப்பட்ட விடை: 3. கீழே ஒரு புத்திமதி வேறு: "போட்மாஸ் விதியை மனப்பாடம் செய்யவும்."

"பத்துல நாலு போனா ஆறு, மூணு சேர்த்தா ஒம்போதுதானே மாமா?"

ஒம்போதுதான்டா. உன் தாத்தா காலத்திலும் ஒம்போதுதான்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். டீச்சர் பொறுமைசாலி. எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கும் கனிவோடு ஆரம்பித்தார். "சார், போட்மாஸ்ல ஏ முன்னாடி வருதா, எஸ் முன்னாடி வருதா?"

"ஏ."

"அப்ப கூட்டல்தானே முதல்ல? நாலும் மூணும் ஏழு. பத்துல ஏழு போனா மூணு."

"டீச்சர், உங்க கையில பத்து ரூபா இருக்கு. நாலு ரூபாய்க்கு மிட்டாய் வாங்குறீங்க. அப்புறம் நான் மூணு ரூபா தர்றேன். இப்ப கையில எவ்வளவு?"

"ஒம்போது."

"இதையேதான் பையன் எழுதியிருக்கான்."

"அது வாழ்க்கை சார். இது எக்ஸாம்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கல்வெட்டில் வெட்டி, நாட்டிலுள்ள எல்லாத் தேர்வு அலுவலகங்களின் வாசலிலும் நட்டுவைக்கலாம். மேலே ஒரு மாலை போட்டுவிட்டால் திறப்பு விழாவுக்கும் ஆள் வருவார்கள்.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் இதுதான்: கூட்டலும் கழித்தலும் ஒரே பந்தியில் உட்காருகிறவை. இரண்டுக்கும் ஒரே இலை, ஒரே சோறு. இடமிருந்து வலமாகப் பரிமாறிக்கொண்டு போகவேண்டியதுதான். பெருக்கலும் வகுத்தலும் அதேபோல இன்னொரு பந்தி. ஆனால் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைப் போட்மாஸ் என்று அடுக்கிச் சொல்லும்போது ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்துத்தானே ஆகவேண்டும்? வைத்தார்கள். அவ்வளவுதான், முன்னால் நிற்கிற எழுத்து மேல்சாதி ஆகிவிட்டது. யார் முன்னே, யார் பின்னே என்று ஒரு வரிசை கிடைத்துவிட்டால் நம் ஊரில் யாரும் அதற்கு மேல் காரணம் கேட்பதில்லை. கோயில் கியூவிலிருந்து கல்யாணப் பந்திவரை பழகிய பழக்கம், கணக்குப் புத்தகத்தில் மட்டும் விட்டுப்போகுமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் போட்மாஸில் வகுத்தல் முன்னால், பெருக்கல் பின்னால். அமெரிக்கக் குழந்தைகள் படிப்பது பெம்டாஸ். அதில் பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால். பூகோளம் மாறினால் கணக்கின் குலவரிசையும் மாறுகிறது. 8 ÷ 2 × 4 என்பதை எழுத்துப்படி கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அமெரிக்கப் பையனுக்கு 1 வரும். நம் பையனுக்கு 16 வரும், அதுவே சரி. வகுத்தலை முதலில் முடிப்பதால் விடை எங்கும் கெடுவதில்லை. அதனால் நம் மூடநம்பிக்கை பாதி இடத்தில் அகப்படாமல் தப்பித்துக்கொண்டு, மீதிப் பாதியில் ஆறாம் வகுப்புப் பையனின் ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.

சரி, விதியைச் சரியாகவே படித்தவர்களாவது ஒத்துப்போகிறார்களா? 2019 ஜூலையில் உலகம் முழுக்க ஒரு வரி சுற்றியது: 8 ÷ 2(2 + 2). ஒரு கட்சிக்கு விடை 16. இன்னொரு கட்சிக்கு 1. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா 16, அவருடைய சொந்த மருமகள் 1. காலை வணக்கமும் முருகன் படமும் தவிர வேறெதுவும் போடாத பெரியப்பா, அன்று பதினோரு குரல்செய்தி போட்டார். மருமகள் இன்ஜினியர், ஒரே செய்தியோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வருஷத் தீபாவளிப் பலகாரம் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சுட்டார்கள்.

16 கட்சியின் வாதம் எளிது. அடைப்புக்குள் 4. பிறகு இடமிருந்து வலம்: எட்டை இரண்டால் வகுத்தால் நாலு, நாலு நாலு பதினாறு. "விதி விதிதான்" என்று மேசையைத் தட்டுவார்கள். தட்டட்டும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படித்தீர்களே, 12அ² ÷ 3அ எவ்வளவு என்று எழுதினீர்கள்? (எக்ஸ் இருந்த இடத்தில் 'அ' போட்டிருக்கிறேன், அது நம் முதல் எழுத்து.) 4அ என்றுதானே? அதற்குத்தானே முழு மார்க் வாங்கினீர்கள்? 'அ'வின் மதிப்பு 2 என்றால் விடை 8. இப்போது உங்கள் விதிப்படியே இடமிருந்து வலம் போங்கள்: பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு, மூன்றால் வகுத்தால் பதினாறு, இரண்டால் பெருக்கினால் முப்பத்திரண்டு. எட்டாம் வகுப்பில் 8, வாட்ஸப்பில் 32. 3அ என்பதை ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல ஒரே பொருளாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அதே பள்ளி, 2(2 + 2) என்பதை அப்படிப் பார்த்தால் முட்டி போடச் சொல்வதும் அதே பள்ளி.

இது இன்று நேற்றுத் தகராறும் இல்லை. 1917-இலேயே லென்னஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், இதே மாதிரி ஒரு வகுத்தலை எடுத்துக்காட்டி, புத்தகத்தில் அச்சடித்த விதி ஒன்று, புத்தகம் எழுதியவர்களே கடைப்பிடிப்பது வேறொன்று என்று எழுதிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நம் போட்டித்தேர்வு வழிகாட்டிகள் இன்னும் ஒரு படி மேல். போட்மாஸில் 'ஓ' என்றால் 'ஆஃப்' என்று சொல்லித் தருவார்கள். 12 ÷ ½ ஆஃப் 6 என்றால் ஆறில் பாதி மூன்று, ஆக விடை 4. அதே இடத்தில் ஆஃபை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறி போட்டால் விடை 144. ஒட்டிக்கொள்ளும் பெருக்கல் என்று ஒன்று உண்டு, அது சாதாரணப் பெருக்கலுக்கு முன்னால் வரும் என்று வாயால் சொல்லாமல் கையால் ஒத்துக்கொண்டாயிற்று. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அப்படி ஒன்று உண்டென்று நினைப்பவன் முட்டாள்.

கருவிகளைக் கேட்டுப் பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டிஐ-82 கால்குலேட்டர் ஒட்டிய பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது. அதற்கு அடுத்து வந்த டிஐ-83 தரவில்லை. 6 ÷ 2(1 + 2) என்று தட்டினால் அண்ணனுக்கு 1, தம்பிக்கு 9. எக்செல்லில் =-2^2 என்று போட்டால் 4; அதே எக்செல்லுக்குள் இருக்கும் மேக்ரோ மொழியில் போட்டால் −4. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மளிகைக் கடை அண்ணாச்சியின் சின்னக் கால்குலேட்டரோ 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டினால் 20 என்று சொல்லும். அண்ணாச்சிக்கு அது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகப் பெருக்கித் துண்டுச்சீட்டில் எழுதிவிட்டு, கடைசியில் கூட்டுகிறார். தன் கருவி எங்கே தடுமாறும் என்று தெரிந்து வைத்திருக்கிறவர் அவர். வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் அவரை ஏன் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை.

இந்த ÷ குறியின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 1659-இல் யோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தன் இயற்கணிதப் புத்தகத்தில் வகுத்தலுக்கு இதைப் போட்டார். டென்மார்க், நார்வே பக்கம் வெகுகாலம் இதே குறி கழித்தலுக்கு ஓடியது. குறிகளுக்கென்று இருக்கும் சர்வதேசத் தரநிர்ணயமான ஐஎஸ்ஓ 80000-இன் இரண்டாம் பகுதி, வகுத்தலுக்கு இந்தக் குறியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. அதே தரநிர்ணயம், சாய்கோடு போட்டு வகுத்தால், அதே வரியில் பின்னால் பெருக்கலோ வகுத்தலோ வரும்போது அடைப்பு போட்டுத் தெளிவாக்கச் சொல்கிறது. கணக்கே தொழிலாக இருப்பவர்கள் கோடு இழுத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதுவார்கள், சண்டைக்கே இடமில்லை. ÷ குறி இன்று உயிரோடிருப்பது பள்ளிக்கூடத்திலும் கால்குலேட்டர் பொத்தானிலும் போட்டித்தேர்விலும்தான்.

சரவணபவனோ சாலையோர மெஸ்ஸோ, எங்கு வேண்டுமானாலும் போய், "மூணு பேருக்கு ரெண்டு தோசை, ஒரு காபி" என்று சொல்லிப் பாருங்கள். சர்வர் தலையைச் சாய்த்து ஒரே கேள்வி கேட்பார்: "ஆளுக்கா சார், மொத்தமாவா?" அந்தக் கேள்விக்குப் பெயர்தான் அடைப்புக்குறி. பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற மனிதருக்கு அது தோன்றுகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து, படி வாங்கிக்கொண்டு கேள்வி தயாரிக்கிறவருக்குத் தோன்றுவதில்லை. தோன்றுவதில்லை என்பதும் பொய். தோன்றுகிறது. தோன்றியும்தான் விடுகிறார். அடைப்பு போட்டுவிட்டால் கேள்வி சுலபமாகிவிடுமாம். ஆயிரக்கணக்கில் ஆளை வடிகட்ட வேண்டுமாம். வடிகட்ட வேண்டியது கணக்குத் தெரியாதவனை ஐயா. நீங்கள் வடிகட்டுவது, உங்கள் மனசுக்குள் இருந்த அடைப்பு தன் கண்ணுக்குத் தெரியாமல்போனவனை.

டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் 'சுருக்குதல்' என்று ஒரு தலைப்பே இருக்கிறது. அதற்கான பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் நெளிவு அடைப்பு, அதற்குள் வளைவு அடைப்பு, அதற்கும் உள்ளே தலைக்கு மேல் ஒரு கோடு. வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போகலாம். கண்ணில் தண்ணீரும் வரும். தேவையே இல்லாத இடத்தில் நாலு அடைப்பு. தேவைப்படுகிற ஒரே இடத்தில் மட்டும் சிக்கனம்.

பரீட்சை எழுதிவந்த பிள்ளை ஆன்சர் கீ பார்க்கிறது. இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய கேள்விக்கு ஒரே விடை. ஆட்சேபம் தெரிவிக்கிறது. நிராகரிக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் மேல் ஒரு நீதிமன்றம் இருக்கிறதே என்று போனால், அங்கே நடந்ததையும் கேளுங்கள். 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் நல்ல வார்த்தை ஒன்று சொன்னது: இருபொருள்படும் கேள்விகள் இத்தகைய தேர்வுகளில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: ஆன்சர் கீ தவறு என்று தெளிவாக நிரூபிக்கப்படும்வரை அது சரி என்றே கொள்ளவேண்டும். தேர்வு நடத்துகிறவர்கள் இரண்டில் எதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்குத்தான், தேர்வு எழுதியவருக்கு அல்ல.

கொலைவழக்கில் நிற்பவனுக்குச் சந்தேகத்தின் பலன் உண்டு. குரூப் ஃபோர் எழுதியவனுக்குக் கிடையாது. அவன் செய்த குற்றம் பெரிது: இன்னொருவர் போடாமல் விட்ட அடைப்பை, இருந்ததாக நினைத்துக்கொண்டு படித்துவிட்டான். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அந்த ஒன்றரையில் எத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பது கட்-ஆஃப் பார்த்த எந்த வீட்டுக்கும் தெரியும். அப்பா ஆட்டோ ஓட்டிக் கோச்சிங் பீஸ் கட்டியிருப்பார். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு முடிந்திருக்கும். விடைக்குறிப்பு மட்டும் அலமாரியில், என்றும் பதினாறாக, சௌக்கியமாக இருக்கும்.

'பழைய புத்தகக் கடை' என்று பலகையில் எழுதியிருந்தால், பழையது கடையா புத்தகமா என்று நமக்குக் குழப்பம் வருவதில்லை; உள்ளே எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கணக்கில் எட்டிப் பார்க்க உள்ளே எதுவும் இல்லை. எழுதியவர் எழுதியதுதான் எல்லாம். அதனால்தான் எழுதுகிறவர் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டியிருக்கிறது. நம் ஊரில் அந்தக் கவனத்தைப் படிக்கிறவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு மார்க்கும் குறைக்கிறோம்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அடுத்த மாதத் தேர்வில் 15 − 6 + 2 வந்திருக்கிறது. பையன் இந்த முறை யோசித்திருக்கிறான். வினாத்தாளிலேயே பென்சிலால் (15 − 6) என்று ஒரு அடைப்பைப் போட்டுவிட்டு, விடைத்தாளில் அப்படியே எடுத்தெழுதி, 11 என்று முடித்திருக்கிறான். பெருமையோடுதான் தாளை நீட்டினான். 11-ஐச் சுற்றி சிவப்பு வட்டம். பூஜ்யம். கீழே அதே கையெழுத்து:

"கேள்வியை மாற்றக் கூடாது. பெற்றோர் வந்து பார்க்கவும்."