ஈயடிச்சான் காப்பியும் ஆஸ்கரும்

எண்பதுகளில் சென்னைத் திரைப்படச் சங்கங்களில் படம் பார்த்தவர்களுக்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. தமிழ்ப் படம் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் போலிருந்தால் அது சுட்ட படம். வெளிநாட்டுப் படம் இன்னொரு வெளிநாட்டுப் படத்தைப் போலிருந்தால் அது முன்னோடிக்குச் செய்த மரியாதை.

எங்கள் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் ஒரு வங்கி ஊழியர். தாடி, ஜோல்னாப் பை, சார்மினார் சிகரெட். தூதரகத்திலிருந்தோ புனே ஆவணக் காப்பகத்திலிருந்தோ பெட்டி வந்து சேர்ந்து, ரீல் மாற்ற விளக்கைப் போட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். 'அந்த நாள்' பற்றிப் பேச்சு வந்தால், "ரஷோமோனோட ஈயடிச்சான் காப்பி சார்" என்று ஒரே போடாகப் போடுவார். 1954இல் பாட்டே இல்லாமல் தமிழ்ப் படம் எடுத்து, தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுச் சாய்க்க வீணை எஸ். பாலசந்தருக்கு எத்தனை துணிச்சல் வேண்டும்? அதெல்லாம் கணக்கிலேயே வராது. ஜப்பானியப் படத்தின் பாதிப்பில் எடுத்த படத்தில், செத்துக் கிடக்கும் ரேடியோ இன்ஜினியர் ஜப்பானுக்கே உளவு சொன்ன துரோகி! இந்தக் குறும்பையாவது ரசித்திருக்கலாம். ம்ஹூம்.

சரி, 'ரஷோமோன்' எடுத்த குரோசவா மட்டும் என்ன செய்தார்? 1950இல் வந்த அந்தப் படம், ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் இரண்டு சிறுகதைகளைச் சேர்த்துத் தைத்தது. அகுதாகவாவோ அவற்றுக்கான கருவைக் 'கொஞ்சாகு' என்ற பழங்கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தவர். இதைச் சொன்னால், "அது வேற சார், அது மரபு" என்பார். எப்படி வேறு என்று கேட்பதற்குள் அடுத்த ரீல் ஓட ஆரம்பித்துவிடும்.

2020 பிப்ரவரியில் கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர்களை அள்ளியது. அதில் ஒன்று அசல் திரைக்கதைக்கு. கையோடு, அது எங்கள் கதை, வழக்குப் போடப்போகிறேன் என்றார் 'மின்சார கண்ணா' தயாரிப்பாளர். 1999இல் கே.எஸ். ரவிகுமார் இயக்கி விஜய் நடித்த படம் அது. அன்று காலை நம் தாடிக்காரரிடமிருந்து வாட்ஸ்ஆப்: "சுட்டுட்டான் சார் கொரியாக்காரன்!" பக்கத்திலேயே மூவர்ணக் கொடி. விஜய் படம் ஓடிய தியேட்டர் இருக்கும் தெருவில்கூட நடக்காத மனிதர்! இப்போது தாடி இல்லை, பை இல்லை, பென்ஷன் வருகிறது. தீர்ப்பு மட்டும் நிற்கவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். உறவை மறைத்துக்கொண்டு ஒரு குடும்பமே பணக்கார வீட்டுக்குள் வேலைக்கு நுழைவது இரண்டிலும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விஜய் குடும்பம் நுழைவது காதல் கைகூட. கொரியக் குடும்பம் நுழைவது வயிற்றுப்பாட்டுக்கு. முன்னது கல்யாணத்தை நோக்கிப் போகிறது. பின்னதில் அந்த வீட்டுக்கு அடியிலேயே இன்னொருவன் ஒளிந்து வாழ்கிறான். கஞ்சிக்கில்லாதவர்கள் இருட்டில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். ராத்திரி பெய்த மழையில் கீழே அரைத்தளத்து வீட்டில் சாக்கடை கழுத்துவரை ஏறுகிறது. மறுநாள் மேலே முதலாளியம்மா அதே மழைக்கு நன்றி சொல்லி விருந்து வைக்கிறாள். அடியில் ஒளிந்திருந்தவன் மேல் வீசும் வாடைக்கு முதலாளி மூக்கைப் பிடிக்கிறாரே, முடிச்சு அங்கேதான் இறுகுகிறது. அந்த வாடையை 'மின்சார கண்ணா'வில் எந்தக் காட்சியிலிருந்து சுட்டிருக்க முடியும்?

இதையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பினேன். கூடவே, கிம் கி-யங் 1960இல் எடுத்த 'ஹவுஸ்மெய்ட்' என்ற கொரியப் படத்தின் பாதிப்பு தனக்கு உண்டென்று பாங் தானே சொல்லியிருக்கிறார், அதிலும் மாடிப்படியும் வேலைக்காரியும் உண்டு என்றும் எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "1960ஆ? அப்படின்னா அதுக்கு முன்னாடியே நம்மகிட்ட ஏதாவது இருக்கும் சார். தேடிச் சொல்றேன்."